பனி விழுமுன் தண்ணீரைக் கவனியுங்கள்: ஸ்காபரோவில் முதல் இலையுதிர்காலம்

கேள்வியின் சுருக்கம் இது. பத்து ஆண்டுகள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்த குடும்பமொன்று, கடந்த ஜூன் மாதத்தில் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் 1960களில் கட்டப்பட்ட ஒற்றைத்தளச் செங்கல் வீட்டை வாங்கியிருக்கிறது. கணவன், மனைவி, பதினொரு வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள், கணவனின் தாயார் என ஐந்து பேர். செப்டெம்பர் பிறந்து பள்ளிக்கூடமும் தொடங்கிவிட்ட நிலையில், குளிருக்கு முன் வீட்டில் என்னென்ன செய்யவேண்டும், எதைத் தாங்களே செய்யலாம், எதற்கு ஆள் கூப்பிடவேண்டும், ஒதுக்கி வைத்திருக்கும் 1,500 டொலரை எதில் செலவழிப்பது என்று கணவர் கேட்டிருக்கிறார்.

இலையுதிர்காலம் என்றவுடன் எங்களவர்கள் பலரும் குளிரைத்தான் நினைக்கிறார்கள். கனமான திரைச்சீலை வாங்கலாமா, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் இந்தக் குளிரைத் தாங்குமா என்பவையே அவர்களின் கவலைகள். இந்த ஊரில் முப்பது ஆண்டுகள் இருந்து, அதில் பெரும்பகுதியை மற்றவர்களுடைய பேஸ்மென்ட்களில், அதாவது நிலக்கீழ்த் தளங்களில், ஃபேர்னஸ் முன்னால் முழங்காலிட்டுக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். நிற்கக்கூடாத இடத்தில் நிற்கும் தண்ணீரைக் குளிர் கட்டியாக்குகிறது. கட்டியாகும்போது அது ஏறத்தாழ 9 சதவீதம் பருத்து, செங்கல்லையும் செப்புக் குழாயையும் பிளந்துவிடுகிறது. நாங்கள் பிறந்த ஊரில் மாரிக்கு முன் ஓடு மாற்றி, கிடுகு வேய்ந்து, வெள்ளவாய்க்காலைத் துப்புரவாக்கிய அதே அறிவுதான் இங்கேயும் வேண்டியிருக்கிறது. ஆனால் ஊரில் வானத்திலிருந்து வரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டால் போதும். இங்கே அது குசினியிலிருந்து ஆவியாகவும், ஃபேர்னஸின் வயிற்றிலிருந்து சொட்டுச் சொட்டாகவும் வருகிறது. ஆகவே உங்கள் வேலைகளைத் தண்ணீர் வரும் வழியிலேயே அடுக்கித் தருகிறேன்.

முதலில் கூரைப் பீலி. நூறு சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,500 லீற்றர் தண்ணீர் அந்தப் பீலிகள் வழியாக இறங்கவேண்டும். பீலி அடைத்திருந்தால் அவ்வளவும் சுவரோரமாகவே விழுந்து, உங்கள் பேஸ்மென்ட் சுவரில் சாய்ந்துகொண்டிருக்கும் மண்ணுக்குள் இறங்கிவிடும். 2024 ஜூலை 16 அன்று ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் மழை பதிவானது. அன்று பேஸ்மென்டில் வாளியோடு நின்றவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்கத் தேவையில்லை. பலர் செய்யும் பிழை, ஒக்டோபர் தொடக்கத்தில் பீலியைத் துப்புரவாக்கிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவது. உங்கள் தெருவிலும் நார்வே மேப்பிள் மரங்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்காபரோவின் பழைய தெருக்களில் அவை இல்லாத தெரு குறைவு. அவை மற்ற மரங்களெல்லாம் மொட்டையான பிறகும் நவம்பர் வரை இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எனவே செப்டெம்பர் கடைசியில் ஒருமுறை, கோடையில் விழுந்த விதைகளையும் சேற்றையும் அள்ளிவிடுங்கள். நவம்பர் நடுப்பகுதியில் இன்னொருமுறை கட்டாயம் ஏறுங்கள். ஒற்றைத்தள வீடென்றால் இதை நீங்களே செய்யலாம். ஏணியின் உயரம் நான்கு மீற்றரென்றால் அதன் கால் சுவரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளவேண்டும். மழை விட்ட கையோடு ஏறக்கூடாது. பிள்ளைகளுக்கு ஏணியில் வேலை இல்லை.

பீலியோடு சேர்த்து, அதிலிருந்து இறங்கும் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். ரொறன்ரோவில் அந்தக் குழாயை நிலத்தடிக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்து வைத்திருக்க இப்போது அனுமதியில்லை. அது தரைமேல் விடப்படவேண்டும். முன்னைய உரிமையாளர் அதை வெட்டிவிட்டு, வாயைச் சுவரோரத்திலேயே விட்டிருந்தால், ஒரு நீட்டுக்குழாய் வாங்கிப் பொருத்தி இரண்டு மீற்றர் தள்ளி விடுங்கள். இருபது, முப்பது டொலர் வேலை. உங்கள் 1,500 டொலரில் இதைவிடப் பயனுள்ள செலவு எதுவுமில்லை என்றே சொல்வேன். அடுத்த மழையில் குடையோடு வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, தண்ணீர் எங்கே தேங்குகிறதென்று பாருங்கள். அறுபது ஆண்டுப் பழைய வீட்டில் சுவரோர மண் தாழ்ந்து, வீட்டை நோக்கிச் சரிந்திருப்பது வழக்கம். அந்த இடத்தில் களிமண் கலந்த மண்ணைக் கொட்டி, மூன்று மீற்றர் தூரத்தில் 15 சென்ரிமீற்றராவது இறங்கும்படி சரிவு வையுங்கள். கறுத்த தோட்ட மண் இதற்கு ஆகாது, அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, வெளிச்சுவரில் இருக்கும் தண்ணீர்க் குழாய். அடுக்குமாடியில் இருந்து வருபவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. என் முதல் வீட்டில் முதல் குளிர்காலம் முழுவதும் தோட்டக்குழாயை அதில் மாட்டியபடியே விட்டிருந்தேன். சுவருக்குள் எப்போதோ உறைந்து செப்புக்குழாய் பிளந்திருக்கிறது. உறைந்த கட்டியே அடைப்பானாக இருந்ததால் ஒரு சொட்டும் வெளிவரவில்லை. ஏப்ரலில் கார் கழுவ அந்தக் குழாயைத் திறந்துவிட்டு நான் வெளியே பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்க, உள்ளே பேஸ்மென்டில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளும் எங்கள் கல்யாண அல்பமும் நனைந்துகொண்டிருந்தன. அரிசி போனது பரவாயில்லை. அல்பத்தைப் பற்றி மனைவி இன்றும் பேசுகிறார்.

செய்யவேண்டியது பத்து நிமிட வேலைதான். பேஸ்மென்டின் உள்ளே, அந்த வெளிக்குழாய்க்கு நேரே உட்கூரையோரத்தில் ஒரு அடைப்பு வால்வு இருக்கும்; அதை மூடுங்கள். பிறகு வெளியே போய்த் தோட்டக்குழாயைக் கழற்றி, வெளிக்குழாயை முழுவதும் திறந்துவிடுங்கள். மறுபடி உள்ளே வந்து, வால்வின் பக்கத்தில் இருக்கும் சிறிய மூடியைத் திருகி, இடையில் நிற்கும் தண்ணீரை வாளியில் வடியவிட்டு மூடிவிடுங்கள். வெளிக்குழாயைத் திறந்தபடியே குளிர்காலம் முழுவதும் விட்டுவிடவேண்டும். இதற்கு நாள் குறிக்கவேண்டுமென்றால், ஒக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை வரும் நன்றி நவிலல் விடுமுறைக்கும் அந்த மாதக் கடைசிக்கும் இடையில் ஒரு நாளைப் பிடியுங்கள். வால்வை எங்கே தேடுவதென்று உங்கள் பதினொரு வயதுப் பிள்ளைக்கும் காட்டிவையுங்கள். அதோடு முழு வீட்டுக்குமான பிரதான வால்வு எங்கே என்பதையும் வீட்டிலுள்ள எல்லோரும் தெரிந்திருக்கவேண்டும். குழாய் வெடிக்கிற அன்று நீங்கள்தான் வீட்டில் இருப்பீர்கள் என்று யார் சொன்னது?

இனி என் சொந்தத் தொழிலான ஃபேர்னஸ் வேலைக்கு வருகிறேன். ஃபேர்னஸை முதல் குளிரன்று பரிசோதிப்பதில் பயனில்லை. அன்று நகரமே அழைத்துக்கொண்டிருக்கும். செப்டெம்பர் நடுவில் ஒரு மாலை, தெர்மோஸ்டாட்டை அறை வெப்பத்தைவிட மூன்று பாகை கூட்டிவைத்துப் பாருங்கள். முதல் சில நிமிடங்கள் தூசி கருகும் மணம் வருவது இயல்பு. அது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தாலோ, ஃபேர்னஸ் அவ்வப்போது நின்று நின்று எரிந்தாலோ ஆளைக் கூப்பிடுங்கள். வீட்டில் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் சுவர் வழியாக வெளியே போனால் உங்களுடையது உயர்திறன் ஃபேர்னஸ். அது எரிவாயுவின் புகையிலிருக்கும் ஆவியையும் குளிர்வித்து வெப்பத்தைப் பிழிந்தெடுப்பதால், குளிர் நாளொன்றில் பல லீற்றர் தண்ணீரை வடியவிடும். அந்தத் தண்ணீர் போகும் மெல்லிய குழாயில் பாசி அடைத்தால் ஃபேர்னஸ் தானாகவே நின்றுவிடும். குளிர்கால நள்ளிரவுகளில் எனக்கு வந்த அழைப்புகளில் எத்தனையோ இந்த ஒரு முழ நீளக் குழாயால் வந்தவை. அதைக் கழற்றி வெந்நீரால் அலசி மாட்டுவது நீங்களே செய்யக்கூடியது. வெளியே தெரியும் அந்தப் பிளாஸ்டிக் குழாய்களின் வாயில் இலையோ பிறகு பனியோ அடைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்று வடிகட்டியை மாற்றுவதும் உங்கள் வேலைதான். ஒரு அங்குலத் தடிப்புள்ள வடிகட்டியென்றால், எங்கள் சமையலுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. எண்ணெய்ப் புகையும் தாளிதமும் அதில்தான் போய் ஒட்டுகின்றன. அதன் ஓரத்தில் இருக்கும் அம்புக்குறி ஃபேர்னஸை நோக்கி இருக்கவேண்டும். மிக நெருக்கமான வடிகட்டியே சிறந்தது என்று விலைகூடியதை வாங்காதீர்கள். பழைய காற்றுக்குழாய்களில் அது மூச்சை அடைக்கும். எரிவாயு சம்பந்தப்பட்ட எதையும் நீங்கள் திறக்கக்கூடாது. ஒன்ராறியோவில் அதற்கு டிஎஸ்எஸ்ஏ என்ற பாதுகாப்பு அதிகாரசபையின் சான்றிதழ் பெற்றவரே வரவேண்டும், வந்தவரிடம் அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வருடாந்தப் பரிசோதனைக்கு ஏறத்தாழ 150 முதல் 200 டொலர் ஒதுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. புதிதாக வீடு வாங்கியவர்களின் கதவைத் தட்டி, 'உங்கள் ஃபேர்னஸ் ஆபத்தானது, வெந்நீர்த் தாங்கியை இலவசமாக மாற்றித் தருகிறோம்' என்று சொல்லிக் கையெழுத்து வாங்குபவர்கள் இந்தக் காலத்தில்தான் கூடுதலாக வருவார்கள். பகலில் தனியே இருக்கும் உங்கள் தாயாரிடம் தமிழிலேயே பேசுபவர்களும் உண்டு. அழைக்காமல் வீட்டு வாசலுக்கு வந்து ஃபேர்னஸ், குளிரூட்டி, வெந்நீர்த் தாங்கி போன்றவற்றுக்கு ஒப்பந்தம் செய்வதை ஒன்ராறியோ அரசு 2018 மார்ச் 1 முதல் தடைசெய்திருக்கிறது. பழைய மின்கட்டணப் பத்திரத்தைக்கூட அவர்களிடம் காட்டவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

இப்போது நான் மிக அதிகமாகச் சொல்ல விரும்பும் பகுதி: வீட்டுக்குள்ளேயே பிறக்கும் தண்ணீர். எங்கள் வீடுகளில் காலையில் இடியப்பம் அவிகிறது, மத்தியானம் சோறு வடிக்கிறோம், இரவு குழம்பு கொதிக்கிறது, ஐந்து பேர் வெந்நீரில் குளிக்கிறோம், மழைநாளில் உடுப்பைப் பேஸ்மென்டில் கொடிகட்டிக் காயவிடுகிறோம். அறையில் 21 பாகையும் காற்றில் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 10 பாகைக்குக் குறைவாகக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்த ஈரம் தண்ணீராகப் படியும். ஜனவரியில் உங்கள் பழைய யன்னலின் உட்கண்ணாடி அதைவிடக் குளிர்ந்திருக்கும். அலுமாரிக்குப் பின்னால் உள்ள வெளிச்சுவர் மூலையும் அப்படித்தான். யன்னல் ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்ட பல வீடுகளில் ஒழுகியது யன்னல் அல்ல, அரிசிப் பானை. ஈரப்பதத்தை 30 சதவீதத்துக்கு இறக்கினால், அதே அறையில் தண்ணீர் படிய ஏறத்தாழ 3 பாகைக் குளிர் வேண்டும். பதினைந்து டொலர் ஈரப்பதமானி ஒன்றை வாங்கிக் குசினியில் மாட்டி, அதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை இளைய பிள்ளையிடம் கொடுங்கள். நவம்பருக்குப் பிறகு 40ஐத் தாண்டினால் அறிவிக்கவேண்டும்.

அடுப்புக்கு மேலிருக்கும் காற்றாடி உண்மையில் வெளியே ஊதுகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அது புகையை ஒரு சல்லடை வழியாக இழுத்து, மறுபடி உங்கள் முகத்திலேயே விடும். வெளிச்சுவரில் அசையும் தகடு இருந்தால் அது வெளியே ஊதுகிறது. இல்லையென்றால், உங்கள் 1,500 டொலரில் பெரும்பங்கை அதற்கே கொடுங்கள். குளியலறைக் காற்றாடியையும் பின்தொடருங்கள். பழைய வீடுகளில் அது கூரைவெளிக்குள்ளேயே முடிவதுண்டு. அப்படியானால் குளித்த ஆவி முழுவதும் கூரைப் பலகையில் உறைந்து, வெயில் நாளில் உருகி, படுக்கையறை உட்கூரையில் மஞ்சள் வட்டமாக வரும். கூரை மாற்றவேண்டும் என்று யாராவது ஆயிரக்கணக்கில் விலை சொல்லுமுன் இதைப் பாருங்கள்.

காற்றாடிகள் சரியான பிறகே யன்னல்களையும் கதவுகளையும் அடையுங்கள், வரிசை முக்கியம். முதலில் இடுக்குகளை அடைத்துவிட்டால், இத்தனை காலம் அந்த ஓட்டைகள் வழியே தப்பிக்கொண்டிருந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஓட்டைகளைக் கண்டுபிடிக்க எங்கள் வீட்டிலேயே நல்ல கருவி இருக்கிறது. காற்று வீசும் மாலையொன்றில் எல்லா யன்னல்களையும் மூடி, குசினிக் காற்றாடியைப் போட்டுவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி யன்னல் விளிம்பு, கதவுக் கீழ், வெளிச்சுவரிலுள்ள மின்செருகி, பேஸ்மென்ட் சுவரும் வீட்டுத் தரையும் சேரும் இடம் ஆகியவற்றருகே மெல்ல நகர்த்துங்கள். புகை நேராக எழாமல் முறியும் இடத்தில் பென்சிலால் அடையாளம் வையுங்கள். உங்கள் தாயார் இதில் எல்லோரையும்விடத் திறமையாக இருப்பார், ஊதுபத்தி பிடிக்கும் கை நடுங்காது. இந்த நேரத்தில் வெந்நீர்த் தாங்கியை அணைத்து வையுங்கள். பழைய வகைத் தாங்கிகளின் புகை, காற்றாடியின் இழுப்பால் வீட்டுக்குள் திரும்பக்கூடும். விளிம்புகளுக்கு அடைப்புப் பசை பூசுவதை வெளியே 5 பாகைக்குக் குறையுமுன் முடித்துவிடவேண்டும், இல்லையென்றால் ஒட்டாது. மிகப் பழைய யன்னல்களுக்கு, உள்ளே ஒட்டித் தலைமயிர் உலர்த்தியால் சூடாக்கி இறுக்கும் பிளாஸ்டிக் தாள் போதுமானது; புது யன்னல்களை இந்த ஆண்டு நினைக்கவேண்டாம்.

தோட்டத்தில் முதல் அவசரம் கறிவேப்பிலை. இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே போகுமுன் சட்டியை உள்ளே எடுக்கவேண்டும்; ஸ்காபரோவில் அது பெரும்பாலும் செப்டெம்பர் பிற்பகுதி. எடுக்குமுன் இலைகளின் அடிப்பக்கத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள், இல்லையென்றால் சிலந்திப்பேனும் கூடவே குடிவரும். தெற்கு யன்னலோரம் வைத்து, தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். டிசம்பரில் இலை உதிர்ந்தால் செத்துவிட்டது என்று எறியவேண்டாம், அது உறங்குகிறது. அதிகத் தண்ணீர் விட்டுக் கொல்வதுதான் வழக்கம்.

உள்ளி நடுவதற்கு ஒக்டோபர் சரியான மாதம். நல்ல பெரிய பற்களைக் கூர்முனை மேலே பார்க்க, ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்தில், ஒரு சாண் இடைவெளிக்குச் சற்றுக் குறைவாக நட்டு, மேலே வைக்கோலோ இலைச் சருகோ போட்டுவிடுங்கள். குளிர் பட்டால்தான் அது பற்களாகப் பிரியும். அடுத்த ஜூலையில் கிளறலாம். கடையில் வாங்கிய உள்ளியை விட, இங்கேயே விளைந்த மியூசிக் என்ற இனம் நம்பகமானது. பிள்ளைகளோடு செய்ய இதைவிட நல்ல சனிக்கிழமை வேலை எனக்குத் தெரியாது.

இலைகளைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவேண்டாம். புல்வெட்டியை இரண்டுமுறை அவற்றின்மேல் ஓட்டினால் தூளாகிப் புல்லுக்கே உரமாகும். மிச்சத்தைக் கடதாசிப் பைகளில் வையுங்கள், நகரசபை பிளாஸ்டிக் பையில் கட்டிய இலையை எடுக்காது. தெருவோர வடிகால் வாயில் இலை குவிந்தால் அதையும் விலக்கிவிடுங்கள். முன் புல்வெளியிலுள்ள மரம் பெரும்பாலும் நகரசபைக்குச் சொந்தமானது. கிளை கூரையில் உரசினால் நகரசபையின் 311 தொலைபேசி எண்ணை அழையுங்கள். பின்வளவு மரம் உங்களுடையதுதான் என்றாலும், 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் விட்டமோ அதற்கு மேலோ இருந்தால், அனுமதியின்றி வெட்டமுடியாது. எலிகளுக்குச் சுண்டுவிரல் நுழையாத ஓட்டையும் போதும். பேஸ்மென்ட் குழாய்களைச் சுற்றியுள்ள இடைவெளிகளை உருக்குக் கம்பளியால் அடையுங்கள்.

கடைசியாக மிஞ்சுவது நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளும் நாள். அன்று புகை அலாரங்களையும் கார்பன் மொனொக்சைட் அலாரங்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும் அவை இருக்கவேண்டும். பின்புறத்தில் திகதி அச்சிட்டிருக்கும். பத்து ஆண்டு கடந்த புகை அலாரத்தை மின்கலம் மாற்றிக் காப்பாற்ற முயலவேண்டாம். இது பூசைக்கும் தாளிதத்துக்கும் கத்தும் என்று கழற்றி மேசை இலாச்சிக்குள் வைத்திருக்கும் வீடுகளை நான் எண்ணிக்கையின்றிப் பார்த்திருக்கிறேன். குசினியிலிருந்து சற்றுத் தள்ளி மாட்டினாலே அந்தத் தொல்லை குறையும். அழுத்திப் பார்க்கும் வேலையை மூத்த பிள்ளையிடம் கொடுங்கள். தொடங்குமுன் அப்பம்மாவுக்கு மட்டும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.